பாட்டில் ஐஸ் காபி காபிதானா?

ஏப்ரல் 6, மாலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

கடைக் குளிர்பெட்டியில் வரிசையாக நிற்கிற பாட்டில் ஐஸ் காபி எதுவும் காபியே இல்லை என்பது என் கருத்து. காபி வாசனை காட்டிய சர்க்கரைப் பால், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை வாங்கினேன். பாதியைக் கொட்டிவிட்டேன். இதை விரும்பிக் குடிக்கிறவர்கள் இருந்தால் ஏன் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 6, இரவு

நான் குடிக்கிறேன். விரும்பியும் குடித்திருக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. ஒன்பது இரவுகள் மருத்துவமனையில் துணைக்கு இருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் கேன்டீன் கிடையாது. தாழ்வாரக் கோடியில் ஒரு தானியங்கி இயந்திரம் மட்டும் விளக்கு எரிய நின்றுகொண்டிருக்கும். அதில் தண்ணீரும் ஐஸ் காபியும்தான் இருந்தன. முதல் இரவு இரண்டரை மணிக்கு, அம்மா வலி குறைந்து கண்ணயர்ந்த பிறகு, ஒரு பாட்டில் எடுத்தேன். மூடியைத் திருகினேன், நின்றபடியே முழுவதும் குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. மீதி எட்டு இரவும் அதுதான் என் காபி.

அதனால் "காபியே இல்லை" என்று படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 7, காலை

எழுதிய கையோடு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு நான் அதை ஒரு முறைகூட வாங்கவில்லையே. இன்று அதே நிறுவனத்தின் அதே பாட்டிலை வாங்கிவந்து வைத்திருக்கிறேன். மதியம் குடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 7, மாலை

பிடிக்கவில்லை.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாய் இனிப்பு, இரண்டாவது வாய் அதைவிட இனிப்பு. காபி எங்கோ பின்னால் நிற்கிறது. விழுங்கிய பிறகு சுண்டக் காய்ச்சிய பாலின் வாசனை தொண்டையில் தங்குகிறது. கேள்வி கேட்டவர் சொன்ன "சர்க்கரைப் பால்" இதைத்தான் குறிக்கிறது என்றால் அவரை மறுக்க எனக்கு வாய் இல்லை.

ஆனால் மருத்துவமனையில் குடித்தது பொய்யா? அதே பாட்டில், அதே நாக்கு. பசியும் களைப்பும் சேர்ந்து ருசியை ஏற்றிவிட்டன என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பாட்டிலைக் கழுவி மேசைமேல் வைத்து, லேபிளை முதல் தடவையாக முழுவதும் படித்தேன்.

250 மி.லி. பாட்டில். 100 மி.லி.க்கு 9 கிராம் சர்க்கரை என்றால் பாட்டிலுக்கு 22.5 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஐந்தரைத் தேக்கரண்டிக்கு மேல். காபியில் ஐந்து கரண்டிச் சர்க்கரை போட்டு எவராவது நீட்டினால் வாங்குவேனா?

ஏப்ரல் 8

மேலே போட்ட கணக்கில் பிழை. இங்கே ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. லேபிளில் "மொத்தச் சர்க்கரை" என்று இருப்பதில் பாலிலேயே இருக்கிற லாக்டோஸும் சேரும். பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 4.7 கிராம் லாக்டோஸ் உண்டு. என் பாட்டிலில் 40 சதவீதம் பால், அதாவது 100 மி.லி. பால். ஆகவே 22.5இல் ஏறக்குறைய 4.7 கிராம் பாலோடு வந்தது. வெளியே இருந்து போட்டது 18 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாலரைக் கரண்டி.

அதுவும் குறைவில்லைதான். வெளியிலிருந்து சேரும் சர்க்கரையை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். இரண்டாவது எல்லையில் பெரும்பகுதியை ஒரே பாட்டில் எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் சில இரவுகள் நான் இரண்டு குடித்தேன்.

ஏப்ரல் 8, இரவு

ஏன் இவ்வளவு சர்க்கரை போடுகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ஜில்லென்று இருக்கும்போது நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்று கதவு போன்ற ஒரு புரதம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது நன்றாகத் திறக்கும், குளிரில் சோம்பிவிடும். 2005இல் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. உருகிய ஐஸ்கிரீம் உறைந்ததைவிட இனிப்பாகத் தெரிவதும் இதனால்தான். குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கும்படி சர்க்கரை போட்டால், பாட்டில் சூடேறிய பிறகு அது திகட்டும்.

இப்போது யோசித்தால், மருத்துவமனை இயந்திரத்தில் பாட்டில் விரல் வலிக்கிற அளவுக்கு ஜில்லென்று இருக்கும். நேற்று நான் வாங்கியதைப் பையில் போட்டு நடந்து வந்து, மேசையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். நான் இரண்டு வெவ்வேறு பானங்களைக் குடித்திருக்கிறேன்.

நாளை தங்கையை வைத்து ஒரு சோதனை.

ஏப்ரல் 10

சோதனை முடிந்தது. மூன்று டம்ளர். ஒன்றில் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பாட்டில் காபி. ஒன்றில் அதே காபி, ஆனால் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தது. மூன்றாவதில் வீட்டில் இறக்கிய டிகாஷன், பால், சர்க்கரை சேர்த்து ஐஸ் போட்டது. எது எதில் என்று தங்கைக்கு மட்டும் தெரியும். நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக் காபியை உதட்டில் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூக்குக்கு அருகே வந்ததும் வறுத்த கொட்டையின் வாசனை. மற்ற இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் காபி என்றே நினைத்தேன். "ஒன்று அளவான இனிப்பு, காபி தெரிகிறது. இன்னொன்று மிட்டாய் கரைத்த மாதிரி" என்று சொன்னேன். தங்கை கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு டம்ளரையும் ஒரே பாட்டில் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் முதல் பதில்: நீங்கள் கொட்டிய பாதி, பாட்டில் சூடேறிய பிறகு மீந்த பாதியா? தயவுசெய்து சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

ஏப்ரல் 10, இரவு

வாசனையைப் பற்றி. வீட்டுக் காபிக்கும் பாட்டிலுக்கும் இடையே பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. குளிரில் எந்த வாசனையும் குறைவாகத்தான் எழும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புதுக் காபியின் வறுத்த மணத்துக்கு முக்கியக் காரணமான பொருள்களில் ஒன்று ஃபர்ஃபுரில்தயால் என்ற கந்தகச் சேர்மம். டிகாஷன் இறங்கிய சிறிது நேரத்திலேயே அது காபியின் பழுப்பு நிறப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு குறையத் தொடங்கிவிடும். ஃபிளாஸ்கில் ஒரு மணி நேரம் இருந்த காபியே மணம் இழந்துவிடுகிறது. பாட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது. அதில் போய்ப் புதுக் காபியின் மணத்தைத் தேடினால் நியாயம் இல்லை.

ஏப்ரல் 12

"பிரிசர்வேட்டிவ் போட்டுத்தானே மாதக்கணக்கில் வைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். என் பாட்டிலில் அப்படி எதுவும் இல்லை. கெடாமல் காப்பது சூடு.

தகரக் குவளையிலும் கண்ணாடியிலும் வருவதைப் பெரும்பாலும் உள்ளே அடைத்து மூடிய பிறகு, குக்கர் போன்ற பெரிய கலத்தில் 121 டிகிரி அளவுக்குப் பல நிமிடம் வேகவைப்பார்கள். சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் காபியை மட்டும் 135 முதல் 150 டிகிரிக்குச் சில நொடி ஏற்றி, உடனே ஆற்றி, கிருமி நீக்கிய பாட்டிலில் கிருமி புகாத இடத்தில் அடைப்பார்கள். மூன்றாவது வகை, பாலைப் போல லேசாகப் பாஸ்டரைஸ் செய்தது. அது எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டும், சில வாரம்தான் தாங்கும்.

எந்த வகை என்று லேபிளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். "திறந்த பிறகு குளிரில் வைக்கவும்" என்றிருந்தால் முதல் இரண்டில் ஒன்று. "எப்போதும் குளிரில் வைக்கவும்" என்றிருந்தால் மூன்றாவது. எனக்கு மூன்றாவது வகைதான் பிடித்தது, நேற்று ஒன்று வாங்கினேன். சுண்டிய பால் வாசனை ஏறக்குறைய இல்லை. அந்த வாசனை பாலில் உள்ள மோர்ப்புரதம் கடும் சூட்டில் உருமாறும்போது கந்தகப் பொருள்கள் வெளிப்படுவதால் வருவது, கூடவே பால் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறுவதும் உண்டு. குறைந்த சூடு, குறைந்த வாசனை.

ஏப்ரல் 12, இரவு

அது எப்போதும் குளிரில் இருக்க வேண்டிய வகை என்பதால் இன்னொன்று. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மணி நேரம் வெயிலில் திரிய வேண்டியிருந்தால் அன்று அதை வாங்காதீர்கள்.

ஏப்ரல் 14

சர்க்கரையைவிட, வாசனையைவிட, எனக்குப் புரியாமல் இருந்தது வேறு. பாட்டில் காபி ஏதோ தட்டையாக இருக்கிறது. கசப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, பால் இருக்கிறது. இருந்தும் ஒரு கால் உடைந்த நாற்காலி போல. இரண்டு நாளாக இதே யோசனை.

லேபிளில் மூலப்பொருள் வரிசையைத் திரும்பப் படித்தேன். தண்ணீர், பால், சர்க்கரை, காபிச் சாறு, அப்புறம் எண்கள். 500, 340, 407. எண்களைப் பார்த்து முன்பெல்லாம் முகம் சுளித்து நகர்ந்துவிடுவேன். இந்த முறை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 407 என்பது கேராஜீனன், சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மிகக் கொஞ்சம் போட்டாலே பால் புரதத்தோடு மெல்லிய வலை போலப் பின்னி, கொழுப்பு மேலே திரளாமலும் தூள் அடியில் படியாமலும் பிடித்துவைக்கும். சிலர் இதற்குப் பதில் 418, அதாவது கெல்லன் கம் போடுகிறார்கள்.

500 என்ன தெரியுமா? சோடா உப்பு குடும்பம். 340 பொட்டாசியம் பாஸ்பேட்.

காபியில் சோடா உப்பு எதற்கு? பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். காபியின் பி.எச். ஏறக்குறைய 5. பாலுடையது 6.7 அளவில். பால் புரதமான கேசீன் 4.6 அருகே திரிந்துவிடும். சாதாரணமாகக் காபியும் பாலும் கலந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கலவையை 121 டிகிரியில் வேகவைத்தால், அல்லது மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், நிலைமை வேறு. சூட்டில் காபியில் அமிலம் இன்னும் ஊறும், புரதம் 4.6 வரை காத்திருக்காமல் முன்பே திரியும். அதனால் அடைப்பதற்கு முன்பே சோடா உப்பும் பாஸ்பேட்டும் போட்டுப் புளிப்பை அடக்கிவிடுகிறார்கள்.

அப்போதுதான் புரிந்தது. காணாமல் போனது புளிப்பு. நல்ல காபியில் நாக்கின் ஓரத்தைச் சுண்டும் அந்த மெல்லிய புளிப்பு, அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் பாட்டிலுக்குள் திரிந்த பால்தான் இருக்கும். அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 15

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடுமா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். செய்து பார்த்தேன். அரை டம்ளரில் நான்கு சொட்டு. எலுமிச்சை வாசனை வந்தது, காபி வரவில்லை. இன்னும் நான்கு சொட்டு விட்டதும் ஓரத்தில் பொரிப்பொரியாகத் திரியத் தொடங்கியது. வேண்டாம்.

எனக்குப் பலித்தது வேறு. கெட்டியான டிகாஷன் இரண்டு மேசைக்கரண்டி, அப்போது இறக்கியது, ஆறவைத்து, குளிர்ந்த பாட்டில் காபி ஒரு டம்ளரில் கலக்கினேன். மணம் வந்தது, புளிப்பு கொஞ்சம் திரும்பியது, திகட்டலும் குறைந்தது. டிகாஷன் இறக்கத் தெரிந்த வீட்டில் பாட்டில் எதற்கு என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான்.

ஏப்ரல் 17

ஐஸ் போடுவது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு கணக்கு.

25 டிகிரியில் இருக்கும் 250 மி.லி. காபியை ஐஸ் போட்டே 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது காபியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்கு வந்த காபியில் ஐஸ் போட்டால் குடித்து முடிக்கும்வரை மிகக் கொஞ்சம்தான் உருகும். பாட்டிலை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். திடீரென்று வந்த விருந்தாளிக்காக அறை வெப்பத்தில் இருந்ததைத் திறந்து ஐஸ் கொட்டித்தான் பல பேர் "தண்ணீர் காபி" என்று ஏசுகிறார்கள்.

ஆனால் கறுப்புக் காபிப் பாட்டில் கெட்டியாக இருந்தால் அந்தக் கால் பங்குத் தண்ணீர் நல்லதே செய்யும்.

ஏப்ரல் 18

ஃப்ரீசரில் வைக்கலாமா? வைத்தேன், கண்ணாடிப் பாட்டில் இல்லை, பிளாஸ்டிக். கண்ணாடியை வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்கு விரியும், பாட்டில் வெடிக்கும். பிளாஸ்டிக்கில் உறைந்தது உருகியபோது மணல் மணலாக இருந்தது, கொழுப்பு தனியே மிதந்தது. குலுக்கினேன், முழுதாகச் சேரவில்லை. வீண்.

ஏப்ரல் 19

நேற்று "வீண்" என்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்திருந்தேன். அந்தக் காபிக் கட்டிகளை இன்று குளிர்ந்த காபியில் போட்டேன். உருகும்போது மணல்தன்மை தெரியவில்லை, தண்ணீரும் சேரவில்லை. பாட்டிலை முழுதாக உறையவைப்பதுதான் தப்பு, கட்டி நல்ல யோசனை.

ஏப்ரல் 21

கறுப்புக் கோல்டு பிரூ (குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து இறக்கும் காபி) பாட்டில் குடிப்பவர் எழுதியிருப்பது: "இதில் அமிலமே கிடையாது, வயிற்றுக்கு நல்லது." அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் சந்தோஷம். ஆனால் அமிலமே இல்லை என்பது சரியில்லை. 2018இல் வந்த ஒரு ஆய்வு, ஒரே கொட்டையை வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் இறக்கி அளந்தது. இரண்டின் பி.எச்.சும் 4.85க்கும் 5.13க்கும் இடையில்தான். வித்தியாசம் அமிலங்களின் மொத்த அளவில் இருந்தது, வெந்நீர்க் காபியில் அது கூடுதல். நாக்குக்குக் கோல்டு பிரூ மழமழப்பாகத் தெரிவது உண்மை. வயிறு எரிகிறவர்கள் அந்த மழமழப்பை நம்பி மூன்று பாட்டில் குடிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் வீட்டில் தயாரித்துக் காற்றுப் புகாமல் மூடி அலமாரியில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. பி.எச். 4.6க்கு மேல், காற்று இல்லாத மூடிய பாட்டில், அறை வெப்பம். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமிக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, ஆலைகள் 121 டிகிரிக்குப் போவது இதற்காகத்தான். வீட்டில் செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 22

இது கொஞ்சம் தடம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். பால் காபியைத் தகரக் குவளையில் அடைத்துப் பரப்பியது ஜப்பானின் யுசிசி நிறுவனம், 1969இல். அதன் நிறுவனர் உவேஷிமா ததாவோ ஒரு ரயில் நிலையத்தில் கண்ணாடிப் பாட்டிலில் பால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார், ரயில் புறப்பட்டுவிட்டது, பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் பாதிக் காபியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார், அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் குவளைக் காபி என்று அந்த நிறுவனம் சொல்கிறது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகு விற்பனை ஏறியது.

ரயிலுக்கு ஓடுகிறவரின் வருத்தத்தில் பிறந்த பானம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உட்கார்ந்து ரசித்துக் குடிக்க நேரம் இருக்கிறவருக்காக அது பிறக்கவே இல்லை.

ஏப்ரல் 22, இரவு

அமெரிக்கக் கதையும் கேட்டார்கள். 1990களின் நடுவில் ஸ்டார்பக்ஸும் பெப்சியும் சேர்ந்து மசக்ரான் என்ற பெயரில் காஸ் ஏற்றிய காபியைச் சோதனையாக விற்றார்கள், நிற்கவில்லை. 1996இல் பாட்டில் ஃப்ராப்புச்சினோவைக் கொண்டுவந்தார்கள், அது நின்றுவிட்டது. காஸ் ஏற்றிய காபியை நான் ஒரு முறை குடித்திருக்கிறேன். எனக்கு ஒத்துவரவில்லை.

ஏப்ரல் 24

தூக்கம். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பால் கலந்தது என்றால் லேசான காபி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பாட்டிலில் 100 மி.லி.க்கு 32 மில்லிகிராம் காஃபின், பாட்டிலுக்கு 80. ஒரு ஷாட் எஸ்பிரஸோவைவிடக் கூடுதல். காஃபின் பாதியாகக் குறையப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினோரு மணிக்கு 40 மில்லிகிராம் உடம்பில் மீதி. இந்த இழைக்காக நான் ருசி பார்த்த பாட்டில்கள் பெரும்பாலும் மாலையில். இந்த இரண்டு வாரமாக இரவு ஒரு மணி வரை விழித்திருந்ததற்கு அம்மாவைப் பற்றிய கவலைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நலமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கருவுற்றவர்களுக்கு 200 என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. சூடான காபியை ஆற்றி ஆற்றிக் குடிப்போம், நேரம் ஆகும். ஜில்லென்ற இனிப்புக் காபி நான்கு வாயில் உள்ளே போய்விடும். அதனால் எண்ணிக்கை தெரியாது. கருவுற்ற பெண்கள் இருக்கிற வீட்டில் லேபிளில் காஃபின் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 25

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். எல்லா லேபிளிலும் காஃபின் அளவு இருப்பதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களுக்கு இடையே நிறைய வித்தியாசம் இருக்கலாம், கறுப்புக் கோல்டு பிரூவில் கூடுதலாகவே இருக்கும். தெரியாவிட்டால் மதியத்துக்குள் முடித்துக்கொள்வது என்று நான் வைத்துக்கொண்டேன். மூன்று நாளாகத் தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 27

கேள்வி கேட்டவர் வந்திருக்கிறார்! அவர் கொட்டியது காரில் முன் இருக்கையில் ஒரு மணி நேரம் கிடந்த பாட்டிலின் மீதியாம். கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வேறு இருந்ததாம், கெட்டுப்போனது என்று நினைத்தாராம்.

வளையம் என்பது பெரும்பாலும் மேலே வந்த கொழுப்பு. மூடியைத் திறக்கும் முன் நன்றாகக் குலுக்கினால் கரைந்துவிடும். குலுக்கியும் கட்டி கட்டியாக நின்றால், புளித்த வாடை வந்தால், பாட்டில் உப்பியிருந்தால், தயங்காமல் கொட்டுங்கள். வாய் வைத்துக் குடித்த மீதியைப் பொறுத்தவரை அவர் செய்ததுதான் சரி. மூடி திறக்கும்வரைதான் அந்தச் சூட்டின் காவல். திறந்து வாயும் வைத்துவிட்டால் அது சாதாரணப் பாலைப் போலத்தான், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் குடிக்கக் கூடாது. கார் கொதித்தால் அதற்கும் முன்பே.

வெளிச்சமும் கெடுதல். பாலில் இருக்கிற ரைபோஃபிளேவின் என்ற உயிர்ச்சத்து வெளிச்சம் பட்டால் ருசியைக் கெடுக்கும் வினைகளைத் தொடங்கிவைக்கும். ஒளி புகும் பாட்டிலுக்கு நிறைய நிறுவனங்கள் முழுவதும் மூடும் உறை மாட்டியிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. கடையில் விளக்குக்கு நேர் கீழே முன்வரிசையில் நிற்பதை விட்டு, பின்வரிசையில் இருந்து எடுக்கிறேன் நான்.

ஏப்ரல் 28

பால் ஒத்துக்கொள்ளாதவர் ஓட்ஸ் பால் பாட்டிலில் "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்டும் இனிப்பது ஏன் என்று கேட்டார். ஓட்ஸின் மாவுச்சத்தை நொதி போட்டு உடைக்கும்போது மால்டோஸ் என்ற சர்க்கரை அதிலேயே உண்டாகிறது. மொத்தச் சர்க்கரை வரியைப் பாருங்கள், அங்கே தெரியும்.

ஏப்ரல் 30

கேள்வி கேட்டவர் மறுபடி முயன்றாராம். முந்தின இரவே ஃப்ரிட்ஜ், குலுக்கல், ஒரே மூச்சில் குடித்தது. "இன்னமும் காபி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொட்டவில்லை" என்கிறார். எனக்கு அது போதும். நானும் இப்போது அதைக் காபியோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். காலையில் டிகாஷன் இறக்குகிறேன், அது காபி. இரவுப் பயணத்தில், மூடிய கேன்டீன் வாசலில், பாட்டில். முதலில் எழுதியபோது "நானும் காபிதான் குடித்தேன்" என்று சண்டைக்கு நின்றேன். அந்தச் சண்டையை விட்டுவிடுகிறேன். மருத்துவமனையில் அது நன்றாக இருந்தது என்பதை மட்டும் விடமாட்டேன். ஜில்லென்று இருந்தது, வயிறு காலி, சர்க்கரையும் காஃபினும் வேண்டிய நேரம், அம்மா தூங்கிவிட்டார். எல்லாம் உண்மையாகவே இருந்தன.

மே 2

அம்மா இப்போது நடமாடுகிறார். மருத்துவர் காபிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். மதியம் நான் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தபோது, "அந்த ஒன்பது ராத்திரியும் இதைத்தானே குடித்தாய், எனக்கும் கொடு" என்றார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்த இரவுகள். மூடி திருகும் சத்தம் தினமும் கேட்குமாம்.

சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. புளிப்புதான் இல்லை" என்றார்.